செலுத்தியவர்: உறவினர்

"அவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

வரி அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் பேனாவை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

ஜப்தியார் வீட்டம்மாவுக்குச் சக்களத்தி என்கிற வார்த்தை உதடு வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"சொந்தம்தான்."

அவர் 'செலுத்தியவர்' என்ற கட்டத்தில் 'உறவினர்' என்று எழுதி, ரசீதில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். அடுத்தவர் பாக்கியை யார் வந்து கட்டினாலும் அரசாங்கம் குடைந்து கேட்பதில்லை. வாங்கிப் போட்டுக்கொள்ளும்.

போட்டோ ஸ்டூடியோக்காரியின் வரி பாக்கி வட்டியோடும் அபராதத்தோடும் தீர்ந்தது. கூடவே அம்மாளின் இரண்டு தங்க வளையல்களும் தீர்ந்தன.

ஜப்தியார் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். வரி கட்டாதவர்களிடம் வசூலுக்குப் போகிறவர். தெரு வைத்த பெயர் அது, சும்மா வைக்கவில்லை. நோட்டீஸ் கொடுத்த எட்டாம் நாள், பாதிச் சவரத்தில் இருந்த ஆளை எழுப்பி விட்டுவிட்டு சலூன்காரரின் சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவர். சொந்த மச்சானின் செருப்புக் கடைக்கு அந்த எட்டு நாளும் கிடையாது, மூன்றே நாள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்டி" என்றார். அன்றோடு அவளுக்குப் பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது.

அப்பேர்ப்பட்டவர் ஸ்டூடியோக்காரிக்குக் கொடுத்த அவகாசம் பதினொரு மாசம்.

வியாழக்கிழமை தவறாமல் போவார். கேட்டால் கலெக்ஷன் என்பார். கலெக்ஷனுக்குப் போகிற மனுஷன் மீசைக்கு மை தீட்டிக்கொண்டா போவார்? சட்டைக் காலர் விறைப்பாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் திரும்பி வேறு பார்ப்பார். திரும்பி வரும்போது கையில் வசூல் இருக்காது. சில வாரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ உறை இருக்கும்.

மேஜை டிராயரில் இதுவரை ஏழு உறை சேர்ந்திருந்தது. ஏழு உறை போட்டோ ஒட்டுகிற அளவுக்கு அவர் எந்த வேலைக்கு மனுப் போடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஆபீஸ் அடையாள அட்டையில் இருப்பது, யார் வீட்டு பீரோவையோ தூக்க வந்த முகம். முதல் உறையில் அந்த முகத்தின் உதடு லேசாக விலகியிருந்தது. ஏழாவதில் கடைவாய்ப்பல் தெரிந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பல்லை அவள் பார்த்ததேயில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமாங்க" என்று அவள் எப்போதோ கேட்டதற்கு, "இந்த வயசுல அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றவர் அவர்.

எதிர்வீட்டுக்காரி ஆறுதல் சொல்ல வந்தாள். "சிரிங்க சிரிங்கன்னு சொல்றது அவ தொழில்தானேக்கா." அத்தோடு போயிருக்கலாம். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "நான் போனப்போ ஒரே தடவைதான் சொன்னா" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அம்மாளுக்கு மூளை வேலை செய்தது. பாக்கி இருக்கிற வரைக்கும்தானே போவார்? ஃபைலை மூடிவிட்டால் அந்த ஸ்டூடியோ வாசலை மிதிக்க இவருக்கு என்ன சாக்கு?

அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, பையைத் துழாவி நோட்டீஸ் எண்ணைக் குறித்துக்கொண்டாள். புதன்கிழமை நகைக்கடை. வியாழன் காலை பஸ் ஏறி, தன் முகம் தெரியாத தலைமை அலுவலகம்.

ரசீதைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. தன் காசில் சக்களத்தியின் கடனை அடைத்துவிட்டு இத்தனை குஷியாக நடந்துபோன பெண்பிள்ளையைத் தெரு அதுவரை கண்டதில்லை.

சாயங்காலம் ஜப்தியார் உறையில்லாமல் வந்தார். ஒரு செருப்பை வாசலிலும் மற்றதைக் கூடத்திலுமாக உதறினார்.

பதினொரு மாசமாக இழுத்த பாக்கி ஒரே நாளில் வசூல். மேலதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினாராம். அதைச் சொல்லும்போது ஜப்தியாரின் முகம், சலூன்காரர் அன்றைக்கு நாற்காலி போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் மாதிரி இருந்தது.

அவள் தட்டு வைத்தாள். சந்தோஷத்தை மறைக்க அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தட்டைத் தள்ளினார்.

"உறவினராம்! ரசீது நகல்ல எழுதியிருக்கு. அவளைக் கேட்டா, எனக்கே தெரியலையேங்கறா. சொல்லிட்டுச் சிரிக்கிறா. எவன்டி அவளுக்கு இவ்வளவு பணத்தை முழுசாக் கட்டுவான்?"

அப்பளம் அவள் கையில் அப்படியே நின்றது.

தண்ணீர் மொண்டு நீட்டினாள். வளையல் இல்லாத கை, அவர் மூக்குக்கு நேரே.

அந்தக் கையிலிருந்து டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டுத் தலைமை அலுவலகத்துக்கே போறேன். கட்டினவன் எப்படி இருந்தான்னு அந்தக் கவுண்டர் ஆளைக் கேட்காம விடமாட்டேன்."

அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நானும் கூட வரேங்க."