மூன்றாவது கீ

“நல்லா இருந்த கீபோர்டை எதுக்குக்கா உடைச்ச?”

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட கையோடு சின்னவன் கேட்ட இரண்டாவது கேள்வி இது. தோளில் தொங்கிய லேப்டாப் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

அக்கா ஐ.சி.யூ. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடைச்சாளா? சுவத்துல வீசி அடிச்சாப்பா! என் கண்ணால பார்த்தேன்,” என்றாள் சித்தி. சாட்சிக்கு அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டும் வந்திருந்தாள். இதிலெல்லாம் சித்தி குறை வைக்கவே மாட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு இல்லை. வலது கையில் ஒரே ஒரு விரல்தான் அசையும். அந்த விரலுக்காக, வெளியூரில் வேலை பார்க்கும் சின்னவன் லீவு போட்டு உட்கார்ந்து செய்த கீபோர்டு அது. ஆறே ஆறு பெரிய கீ. ஒன்றை அழுத்தினால் ஒரு முழு வாக்கியம் குடும்பக் குரூப்புக்குப் போய்விடும்.

உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்கிற மென்பொருளும் அவனே எழுதியதுதான். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அந்த கீ அமைப்பை இணையத்தில் இலவசமாகப் போட்டான். எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் அதை இறக்கி, வாக்கியங்களை மட்டும் தங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று பாராட்டு குவிந்தது. சித்தி அதையெல்லாம் ஒன்று விடாமல் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள்.

கூடவே இருந்து கழுவித் துடைக்கும் அக்காவை யாரும் பாராட்டவில்லை. அதை இணையத்தில் போட முடியாதே!

“எல்லாம் வயித்தெரிச்சல்,” என்றாள் சித்தி, காதில் விழும்படியே.

அக்கா அப்போதுதான் திரும்பினாள். “அந்த ஆறு கீயில என்னென்ன வச்சிருந்தன்னு சொல்லுடா.”

“சாப்பிட்டேன். தூங்கப் போறேன். நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா. அக்கா நல்லா பார்த்துக்கிறா. உன் நெனப்பாவே இருக்கு.”

“வலிக்குதுன்னு ஒண்ணு ஏன் வைக்கல?”

சின்னவன் தடுமாறினான். “முதல்ல வச்சேன்க்கா. அப்புறம் நானே எடுத்துட்டேன். ஆபீஸ்ல இருக்கும்போது திடீர்னு அப்படி ஒரு மெசேஜ் வந்தா... அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நான் என்ன பண்றது?”

“சரி. நேத்து துணைக்கு வர்ற பொண்ணு வரல. கீபோர்டு இருக்கேங்கிற தைரியத்துல நான் வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் ‘நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்’னு குரூப்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. உனக்கு போன் போட்டு, கிளம்பி வீட்டுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?”

“சுவிட்ச் பழுதுன்னு சொன்னேன். பழுதுதான்க்கா அது! கீக்கு அடியில இருக்கிற சுவிட்ச் தேஞ்சா, ஒரு தடவை அமுக்கினாலே பத்து தடவை அடிக்கும். எல்லா கீபோர்டுக்கும் வர்ற வியாதி. அதான் அங்கிருந்தே ஃபர்ம்வேரை மாத்திவிட்டேன். ஒரு தடவை அமுக்கிட்டா அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த கீ வேலை செய்யாது. அதுக்கப்புறம் ஒழுங்கா வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. மணிக்கு ஒண்ணு. நானும் அதைப் பார்த்துட்டு நிம்மதியா டீ குடிச்சேன்.”

சாயங்காலம் அக்கா வீடு திரும்பியபோது அம்மா வேர்வையில் நனைந்து நினைவில்லாமல் கிடந்தாள். குடல் அடைத்து உள்ளேயே வெடித்திருந்தது. பகலெல்லாம் துடித்திருப்பார்களே, வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிழைப்பாள் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

சின்னவன் துணிப்பையிலிருந்து கீபோர்டை எடுத்தான். ஒரு மூலை பிளந்திருந்தது. இரண்டு கீ தெறித்துப் போயிருந்தன. மூன்றாவது கீ அப்படியே இருந்தது. பழுதைக் காட்டிவிட்டால் போதும், தன் மேல் தப்பில்லை என்றாகிவிடும். மடியில் லேப்டாப்பைத் திறந்து ஒயரைச் செருகினான். அந்த ஒரு மணி நேரத் தடையை எடுத்துவிட்டு, மூன்றாவது கீயை அழுத்தினான்.

நல்லா இருக்கேன்.

லேப்டாப் திரையில் ஒன்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் ஒன்றுதான். மெதுவாக அழுத்தினான், வேகமாக அழுத்தினான், ஓரத்தில் சாய்த்து அழுத்தினான். எத்தனை முறை அழுத்தினானோ அத்தனை முறை மட்டுமே வந்தது.

சுவிட்சில் எந்தப் பழுதும் இல்லை.

“என்னப்பா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?” என்றாள் சித்தி. அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஐ.சி.யூ. கதவு திறந்தது. “அவங்க பையன் நீங்கதானே? உள்ள வாங்க,” என்றாள் நர்ஸ். “கண்ணைத் திறந்துட்டாங்க. ஆனா அப்போலேர்ந்து விரலால மெத்தையை அமுக்கிக்கிட்டே இருக்காங்க. ஏதோ சொல்ல வர்றாங்க போல, எங்களுக்குத்தான் புரியல.”

உள்ளே போனான். அம்மாவின் விரல் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கீபோர்டு அங்கே இருந்திருந்தால் மூன்றாவது கீ எங்கே வருமோ, அந்த இடத்தை.

சின்னவன் அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். அங்கேயும் அது அழுத்துவதை நிறுத்தவில்லை.

“என்னங்க சொல்றாங்க?” என்று கேட்டாள் நர்ஸ்.

“வலிக்குதுன்னு சொல்றாங்க, சிஸ்டர்.”