அடி அழிப்பு

சந்திரவதனா மறுபடியும் தெருவில் விழுந்தாள். முழங்கால் இரண்டையும் தாரில் ஊன்றி, நெற்றி நிலத்தில் பட வணங்கி, எழுந்து ஓரடி வைத்து, திரும்பவும் விழுந்தாள். ஈரச் சேலையின் முழங்கால் பக்கத்தில் சிவப்பாக ஏதோ ஊறத் தொடங்கியிருந்தது.

லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலில் அன்று தேர். தேருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் நேர்த்திக்கடனுக்காக அடி அழித்து வந்தார்கள். அவர்களில் மூத்தவள் அவள்தான்.

பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நடந்த மகன் லக்‌ஷனால் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியவில்லை.

“காணும் அம்மா. முழங்கால் தேஞ்சுபோச்சு எண்டெல்லே டொக்டர் சொன்னவர்?”

“நீ தள்ளி நில் தம்பி. நேர்த்தியை இடையிலை நிப்பாட்டக் கூடாது.”

வடம் பிடித்துக் களைத்து ஓரத்தில் நின்ற குடும்பச் சிநேகிதன் றூபன் சத்தமாகச் சிரித்தான். “டேய் லக்‌ஷன், அன்ரி விழுற விழுகைக்கு சிவபெருமான் என்ன, உன்ரை அமெரிக்கன் கோச்சே இறங்கி வருவான்! வாற வருசம் பெரிய லீக்தான். அண்ணைக்கு ஒரு டிக்கெட் எடுத்து வை.”

லக்‌ஷன் சிரித்து வைத்தான்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வளர்ந்த பிள்ளை, பேஸ்பால் ஆடச் சம்பளத்துக்கு அமெரிக்கா போனது சனத்துக்கெல்லாம் பேச்சாக இருந்தது. தொண்ணூறு மைல் வேகத்தில் வருகிற பந்தை, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிற கேட்ச்சர் அவன். கீழ் லீக்கில் ஆறு வருடம். ஓர் ஆட்டத்துக்கு நூற்றைம்பது தடவை குந்தி எழும்பி, இருபத்தேழு வயதிலேயே படி இறங்கக் கம்பியைப் பிடிக்கிறான். இன்னும் ஒரே ஒரு படிதான் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள்.

முந்தின கிழமை வியாழக்கிழமை மனேஜர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “நீ நல்ல உழைப்பாளி” என்றார், கையைக் குலுக்கினார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு அவன் சொன்னது வேறு: முழங்கால் நோவு, மூன்று கிழமை ஓய்வு.

தாயின் மறுபக்கத்தில் முகம் துடைக்கத் துவாயோடு வந்த சின்னம்மா நகுலேஸ்வரி, அவனுடைய காதுக்குக் கிட்ட வந்தாள்.

“முந்தின கிழமை வெள்ளிக்கிழமை விடியவே அக்கா போன் எடுத்தவா. ‘நகுலா, தேருக்கு அடி அழிக்கப்போறன், நீயும் வா’ எண்டா. ஒரு கற்பூரம் கொளுத்திறதோடை நிக்கிற மனுசி! என்ன நேர்த்தி எண்டு கேட்டன். ‘அவனுக்காகத்தான்’ எண்டதோடை சரி.”

அவனுக்காகத்தான். அது அவனுக்குத் தெரியாதா? போன வருடம் மட்டையில் உரசிய பந்தொன்று முகக்கவசத்தில் அடித்து, மூன்று நாள் அவனுக்கு ஆட்களின் பெயரெல்லாம் தடுமாறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வீடியோவில் பேசியபோது, தாயைப் பார்த்து ‘மிதுஷா’ என்று தங்கையின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து, மிதுஷா போனில் அவனுடைய ஆட்டத்தைப் போட்டால் சந்திரவதனா எழும்பிச் சாமி அறைக்குள் போய்விடுவாள்.

தேர் சந்தியில் திரும்பியது. எழும்ப முயன்ற சந்திரவதனா நகுலேஸ்வரியின் தோளைப் பிடித்தாள், பிடி நழுவியது. பக்கத்தில் வந்த பெண்ணொருத்தி “ஐயோ, ரத்தம்” என்றாள்.

இனியும் பொறுக்க அவனால் ஏலவில்லை. முடிந்துபோன ஒன்றுக்காகத் தாய் தோலை உரித்துக்கொண்டிருக்கிறாள். அவன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓடிப்போய் அவளுக்கு முன்னால் குந்தினான். முழங்கால் இரண்டும் நெரிந்தன.

“அம்மா, இனி விழாதேங்கோ. ஒரு பிரயோசனமும் இல்லை.”

“விலகு தம்பி. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்.”

“ஓய்வு எண்டு நான் சொன்னது பொய். டீமிலை இருந்து என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். இந்த முழங்காலுக்கு இனி வேற ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள்.” குரல் உடைந்தது. “ஆறு வருசம் அம்மா. எல்லாம் போச்சு.”

நகுலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். றூபன் வடத்தைத் தேடிப் போகிறவன்போல அந்தப் பக்கம் நகர்ந்தான்.

சந்திரவதனா அழவில்லை. ஈரத் தலைப்பால் அவனுடைய முகத்தைத் துடைத்தாள். மூன்று தடவை உடைந்து, கோணலாகப் பொருந்தியிருந்த அவனுடைய வலது பெருவிரலை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினாள்.

“உன்னை நிப்பாட்டினதை மிதுஷா அண்டைக்கே போனிலை பாத்துச் சொல்லிப்போட்டாள்” என்றாள் மெதுவாக.

அவன் விளங்காமல் பார்த்தான். “தெரிஞ்சுகொண்டே? பிறகு ஏன் அம்மா இந்தப் பாடு?”

அவள் அவனைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டு, இன்னுமொரு தடவை நெற்றியை நிலத்தில் வைத்து எழுந்தாள்.

“நான் கேட்டது கிடைச்சால் செய்யத்தானே வேணும், ராசா.”