எல்லோருக்கும் ஒரே வணக்கம்

எங்கள் அலுவலகத்தின் புது லிஃப்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். எம்.டி.க்கு வைக்கிற அதே வணக்கத்தைத் துப்புரவு வேலை பார்க்கும் அஞ்சுகத்துக்கும் வைக்காதவர்களுக்குக் கதவைத் திறக்காது. பதினோரு மாடியும் நடைதான்.

முதல் நாள் அத்தனை பேரும் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தோம். மேனேஜர் தணிகாசலம்தான் வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து எம்.டி.க்கும் வணக்கம் வைப்பதை நிறுத்திவிட்டோம். லிஃப்ட் சமர்த்தாகத் திறந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த எம்.டி. வசுமதி, லிஃப்டில் அஞ்சுகத்திடமே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, எல்லாரும் என்னைப் பாக்காத மாதிரியே போறாங்க. எம்மேல எதாவது கோவமா?"

அஞ்சுகம் வாளியைக் கீழே வைத்தார்.

"கோவமெல்லாம் இல்ல மேடம். எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. போகப் போகப் பழகிடும்."