விரல் விழுந்த வசனம்

எழுத்தறியாத அம்மா, எதற்கும் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரலை வைப்பாள். வீட்டின் முதல் பட்டதாரியான நான் அதை வாசிக்க வேண்டும். அதுதான் கர்த்தரின் பதில். வயிற்றுக் கட்டியை உடனே எடுக்கணும் என்று டாக்டர் சொன்ன அன்றும் வைத்தாள். விரலடியில் யார் யாரைப் பெற்றான் என்ற வம்சப் பட்டியல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மகளே, வைத்தியனிடம் போ, அவன் கையை நான் பிடித்திருப்பேன்” என்று இல்லாததை வாசித்தேன். போனாள், பிழைத்தாள்.

இன்று சபையில் அழுதழுது சாட்சி சொன்னவள், “ஏட்டி ஜெபக்கனி, அந்த வசனத்த வாசிச்சுக் காட்டு” என்றாள்.

“எந்த அதிகாரம்மா?” போதகர் கண்ணாடியை மாட்டினார். சபையே பக்கம் புரட்டக் காத்திருந்தது.

பொய் என்று சொல்லவா? அவள் உயிரோடு நிற்கிறாளே, அப்படியானால் அதைச் சொன்னது யார்?

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரலை வைத்தேன்.