இருபத்திரண்டு கடிதங்களுக்கு லேமினேஷன்

"அந்த ஃபைலைக் கொடுங்கப்பா! லேமினேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"ஏன் வேணாம்? என் பொண்ணைப் பாராட்டி இருபத்திரண்டு பெரிய மனுஷங்க லெட்டர் போட்டிருக்காங்க. மடிப்பு விழுந்து கிழியட்டுமா?"

அப்பாவும் மகளும் போட்ட சத்தத்தில் எதிர் பிளாட் கதவு ஒரு விரற்கடை திறந்தது. கேட்டால் காற்றின் மேல் பழி போடுவார்கள்.

மகளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. நாலு வருஷமாக ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, அதைப் பதிப்பகத்தில் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுகளுக்கு ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் பதில் வந்த அன்று, "என்னம்மா எழுதியிருக்காங்க?" என்று அப்பா ஆசையாகக் கேட்டார். 'எங்களுக்கு ஒத்துவராது' என்று சொல்ல நா எழாமல், "பாராட்டியிருக்காங்கப்பா" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு வந்த இருபத்தொன்றுக்கும் அதே பொய்.

அப்பா ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக். இங்கிலீஷ் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்று குடியிருப்பே முடிவுகட்டியிருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் ஃபைலை நீட்டுவார். அவர்களும் படித்துவிட்டு, "அடேயப்பா!" என்பார்கள். படியிறங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு மகள் காதில் விழாமல் இருக்குமா? ஆனாலும் மறுநாளே அடுத்த ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவ்வளவு வீம்பு!

அன்றும் அப்பாதான் ஜெயித்தார். ஃபைல் கடைக்குப் போனது.

மாலையில் லேமினேஷன் கடைக்காரனே அதைக் கொண்டுவந்தான். கதவைத் திறந்த மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எல்லாத்தையும் படிச்சேங்க."

"தயவுசெஞ்சு அப்பாகிட்ட மட்டும்..." என்று அவள் கிசுகிசுப்பதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"எப்படித் தம்பி லெட்டரெல்லாம்?"

கடைக்காரன் அவளை ஒரு தடவை பார்த்தான். "லெட்டர் கிடக்குது சார். அந்தக் கதையை எனக்குப் படிக்கக் கொடுப்பீங்களா?"

கொடுத்தாள். மூன்றே நாளில் படித்து முடித்து, நடுவில் நாலு அத்தியாயம் இழுக்கிறது என்று சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டை எட்டு மாதம் நடந்து ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது. அதற்குள் மேலும் ஐந்து கடிதங்கள், அதே பதிலோடு.

கணவனோடு வேறு ஊருக்குக் குடிபோகும் நாள். சாமான் ஏற்றிய வேன் கீழே நின்றது. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த லெட்டர்ல ஒண்ணுகூடப் பாராட்டு இல்லப்பா. எல்லாருமே வேணாம்னுதான்..."

"முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தேனே, அதோட புத்தகமெல்லாம் எந்த பாஷையில இருந்துச்சுன்னு நெனச்சே?" என்றார் அப்பா. "இத்தனை பேர் வேணாம்னு சொல்லியும் அசராதவ என் பொண்ணுன்னு காட்டத்தாம்மா எல்லார்கிட்டயும் நீட்டினேன். படிச்சவங்க நாப்பது பேர், கதையைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்!"