கரண்டிக்கு ரொம்பப் பயம்

“சார், உண்மையைச் சொல்லுங்க. எதுக்கு இங்க வர்றீங்க?”

டாக்டரம்மா இவ்வளவு கடுப்பாகி அந்தச் சிகிச்சை மையத்தில் யாரும் பார்த்ததில்லை. புது மெஷின் வந்ததிலிருந்து கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தவள் அவள்.

அதுவும் லேசுப்பட்ட மெஷினா? அதன் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினால் போர்க்களத்துச் சாலை அப்படியே எதிரே விரியும். காதில் சத்தம். விரலில் ஒரு கிளிப். நெஞ்சு அடித்துக்கொள்வது திரையில் கோடாக ஓடும். பயந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கூட்டிப்போய், பயத்தைத் தெளிய வைக்கிற வைத்தியம். ராணுவத்திலிருந்து வந்து தூக்கத்தைத் தொலைத்தவர்களுக்கென்றே வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பட்டாளத்துச் சமையல்காரர். அங்கே வைத்த பேர் கரண்டி. அது இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

“எனக்கும் தூக்கம் வர்றதில்லம்மா...”

“பொய்! இங்க பாருங்க.” திரையை அவர் பக்கம் திருப்பினாள். “குண்டு வெடிக்குது. உங்க நெஞ்சு தாலாட்டு கேட்ட மாதிரி இருக்கு. போன வாரம் கண்ணாடிக்குள்ளேயே குறட்டை விட்டீங்க!”

கரண்டி தலையைச் சொறிந்தார்.

“வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வர்றார். பலன் தெரிஞ்சாத்தான் மெஷின் இங்க இருக்கும். நீங்க என்னடான்னா ஏ.சி.யில தூங்கிட்டுப் போறீங்க. எனக்குப் பொய் சொன்னாலே பிடிக்காது சார்.”

“கடைசியா ஒரே ஒரு தடவை, டாக்டரம்மா. ஆனா இன்னிக்கு என்னமோ பயமா இருக்கு. வெளியில உட்கார்ந்திருக்கானே என் சிநேகிதன், அவன் கூட இருந்தா தைரியமா இருக்கும்.”

பயமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய்க் கூப்பிட்டாள்.

சிநேகிதர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வாராவாரம் கரண்டியைப் பஸ்ஸில் கூட்டிவந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, பேப்பர் படிப்பார். “டிரைவர்னு பேரை வெச்சுக்கிட்டு பஸ்ஸா?” என்று அவள் ஒருநாள் கிண்டல் பண்ணியபோது, “கண்ணு மங்கிடுச்சும்மா” என்றார், பொடி எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. இன்னொரு நாள் காற்றில் கதவு படாரென்று அறைந்தது. பார்த்தால் பெஞ்சுக்கு அடியில் இருந்தார். “பேனா விழுந்துடுச்சு” என்றார். பாவம் என்று அவளும் சேர்ந்து தேடினாள்.

உள்ளே வந்த டிரைவர் கரண்டியின் முதுகில் ஒன்று வைத்தார்.

“ஏண்டா, அவ்வளவு பெரிய அடுப்பு முன்னாடி நின்னவன்! இதுல என்னடா பயம்?”

“உனக்கென்ன, சொல்லுவ. போட்டுப் பாரு, தெரியும்.”

“குடுடா இப்படி! நான் போட்டுக் காட்டுறேன். அப்புறமாவது போடுவியா?”

“போடுறேன்.”

டாக்டரம்மா கண்ணாடியையும் கிளிப்பையும் மாட்டிவிட்டாள். “வெறும் ரோடுதான் சார். டிரைவர் சீட்ல நீங்க. வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுறேன்.”

இன்ஜின் உறுமியது. டிரைவரின் கைகள் தானாக எழுந்து, அங்கே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன.

திரையில் கோடு எகிறியது!

அவள் திடுக்கிட்டுக் கரண்டியைப் பார்த்தாள். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

“தனக்குன்னா செத்தாலும் வரமாட்டான்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “அன்னிக்கு லாரி நிறைய ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனான். அத்தனை பேருக்கும் சமைச்சு வெச்சிருந்தேன். சாப்பிட வந்தது இவன் ஒருத்தன்தான். அதுக்கப்புறம் வண்டியைத் தொடல. ஆனா எனக்குன்னா எங்க வேணா வருவான்.”

பெஞ்சும் பேனாவும் அவளுக்கு ஞாபகம் வந்தன. இத்தனை வாரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! வெட்கப்பட நேரமில்லை. மைக்கை இழுத்தாள்.

“சார், நான் பக்கத்துலதான் இருக்கேன். என்ன தெரியுது?”

“ரோடு... வளைவு வருது...” டிரைவருக்கு மூச்சு வாங்கியது.

“நிறுத்தட்டுமா?”

டிரைவர் பிரேக்கை மிதிப்பதுபோல் காலைத் தரையில் ஊன்றினார். கரண்டி பாய்ந்து போய் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

“டேய், எனக்குப் பயமா இருக்குடா!”

“நான் இருக்கேன்ல?” டிரைவர் பல்லைக் கடித்தார். “நிறுத்தாதீங்கம்மா!”

வெறுங்கைகள் வண்டியைத் திருப்பின. கோடு உச்சிக்குப் போய் நின்றது. ஆடியது. இறங்கியது. இறங்கியேவிட்டது! டாக்டரம்மா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். கரண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றிய டிரைவரின் முகமெல்லாம் ஈரம். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, அவள் காதருகே வந்தார்.

“அழுறான் பாருங்க. இவன் லேசுல தேற மாட்டான்மா. அடுத்த வாரமும் நானே கூட்டிட்டு வந்து, முதல்ல போட்டுக் காட்டுறேன். என்ன சொல்றீங்க?”

“கண்டிப்பா வாங்க சார்” என்றாள், பொய் என்றாலே பிடிக்காத டாக்டரம்மா. “அவருக்கு ரொம்பப் பயம்.”