பின்வரிசை மாப்பிள்ளை

"குண்டு விழுத இடத்துக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று பெண்ணின் அப்பா காசிராஜன் கேட்டபோது, மாப்பிள்ளையின் வாயில் கேசரி இருந்தது.

பெண் பார்க்க வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று கதவுக்குப் பின்னால் நின்ற சண்முகவடிவுக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அக்கா பேராச்சியின் புருஷன் சீனச் சண்டைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. பட்டாளத்துக்காரனுக்கு இனி இந்த வீட்டில் பெண் கிடையாது என்று அப்பா தாராவி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

தரகர்தான் பேசிக் கரைத்தார். மாப்பிள்ளை பிரம்மநாயகம் பட்டாளத்துக்காரர் இல்லையாம், பட்டாளத்துக்குப் பூசை வைக்கிறவராம். துப்பாக்கியைத் தொடவே மாட்டாராம். மணிதான் ஆட்டுவாராம்.

மாப்பிள்ளை கேசரியை விழுங்கினார்.

"கோயில் கூடாரத்த எப்பவும் பின்னாலதான் போடுவாங்க, மாமா."

கூட வந்த சிப்பாய் செல்லப்பாண்டிக்குப் புரையேறியது. பாகிஸ்தான் சண்டையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு, கொலாபா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன். பம்பாயில் சொந்தமென்று யாரும் இல்லாத மாப்பிள்ளை, டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அவனைக் கூட்டி வந்திருந்தார்.

இருமலுக்கு நடுவே அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் வாயிலேயே வைத்துவிட்டார்.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. ஆள் பரவாயில்லை. கொஞ்சம் தொந்தி, பெரிய சந்தனப் பொட்டு. ஊரே பற்றி எரிந்தாலும் இவர் ஒரு ஓரமாகச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

பதிலைச் சொல்லி அனுப்புகிறேன் என்றார் அப்பா. இருவரும் கும்பிட்டுக் கிளம்பினார்கள்.

அக்காவும் தங்கையும் வராந்தாக் கோடிக்கு ஓடினார்கள். அங்கே நின்றால் அந்தச் சால் குடியிருப்பின் மரப்படி கீழ்வரை தெரியும்.

ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத் தத்தித் தத்தி வந்துவிட்ட செல்லப்பாண்டி, இறங்கும்போது முதல் படியிலேயே தடுமாறினான்.

மாப்பிள்ளை முதுகைக் காட்டிக் குனிந்தார். அவன் ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

ஆஸ்பத்திரியில் இப்படித் தூக்கிப் பழகியிருப்பார்கள் என்று வடிவு நினைத்தாள்.

பாதிப் படி இறங்கியிருப்பார்கள். மேல்மாடியில் யாரோ ஒரு தகர வாளியைக் கைதவற விட்டார்கள். சிமெண்டுத் தரையில் அது மோதிய சத்தத்தில் சாலே அதிர்ந்தது.

கண்மூடித் திறப்பதற்குள் மாப்பிள்ளை திரும்பிவிட்டார். முதுகில் இருந்தவனைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தன் நெஞ்சைச் சத்தம் வந்த பக்கம் கொடுத்து நின்றார். செல்லப்பாண்டியின் தலை அவர் பிடரிக்குப் பின்னால் எப்போதோ பதுங்கியிருந்தது.

வாளி உருண்டு நின்றது.

"குண்டு இல்ல சாமி, வாளி" என்றான் செல்லப்பாண்டி.

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு ஒரு சந்தேகம் வந்தவர்களைப் போல மேலே பார்க்கத் தலையைத் தூக்கினார்கள். வடிவு சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

கோயில் கூடாரம் பின்னால்தான் இருந்திருக்கும். இவர் அதற்குள் இருக்கவில்லை; குண்டுகளுக்கு நடுவே இப்படித்தான் இவனைச் சுமந்திருக்கிறார். நாளைக்கு இன்னொரு சண்டை வந்தாலும் இருக்கமாட்டார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் முன்பு வரை பரவாயில்லை என்று மட்டுமே பட்ட ஆள், இப்போது வேண்டும் என்று இருந்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பேராச்சி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தச் சம்பந்தம் இத்தோடு முடிந்தது.

"அங்க என்னட்டி சத்தம்?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

பேராச்சி படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் தங்கையின் கையைத் தேடிப் பிடித்தது. வடிவுக்கு வலித்தது.

"வாளி விழுந்துட்டுப்பா" என்றாள் பேராச்சி. "வடிவுக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்காம்."